மசாயாவில் ஹாமக் (தொங்கு படுக்கை) வாங்கப் போகிறீர்களா?

நிகராகுவாவின் தலைநகர் மானாகுவாவிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 30 கி.மீ. போனால் மசாயா. கைவினைக்கும் நாட்டுப்புறக் கலைக்கும் அந்த நாட்டிலேயே பேர்போன ஊர். வருகிறவர்களில் பாதிப் பேர் கருங்கல் மதில் சூழ்ந்த பழைய சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு கிரனாதா நகருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். வியாழன் இரவு மரிம்பா என்னும் மரக்கட்டை வாத்திய இசையும் நடனமும் பார்க்கச் சந்தை நல்ல இடம்தான். ஹாமக் வாங்க மட்டும் ஏரிப்பக்கம் சான் ஹுவான் பேட்டைக்கு நடங்கள். அங்கே வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் மரச்சட்டத்தில் நூலை ஏற்றிப் பின்னுவதை நின்று பார்க்கலாம்.

வழி கேட்டால் தெருப்பெயர் வராது. இன்ன தேவாலயத்திலிருந்து இத்தனை 'குவாத்ரா', அதாவது இத்தனை தெருக்கட்டு என்பார்கள். 'அர்ரிபா' என்றால் மேலே என்று மேட்டைத் தேடாதீர்கள்; சூரியன் ஏறும் கிழக்குத் திசை அது. 'அபாஹோ' மேற்கு.

வாங்கும்போது படுக்கைப் பகுதியின் பூவேலையைவிட இரு முனைகளிலும் வளையத்தில் போய்ச் சேரும் கைநூல்களைப் பாருங்கள். வளையத்தைப் பிடித்து இழுத்தால் எல்லா நூலும் ஒரே விறைப்பாக நிற்க வேண்டும். நாலைந்து தொய்ந்திருந்தால் அவற்றின் பாரம் பக்கத்து நூல்களில் ஏறி, முதலில் அறுவது அந்தப் பக்கத்து நூல்கள்தான். முனைகளில் விரித்துப் பிடிக்கும் குறுக்குக்கட்டை வைத்தது படத்துக்கு அழகு. ஓரத்தில் உட்கார்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும், பெட்டிக்குள்ளும் அடங்காது. 'மத்ரிமோனியால்' என்பது இருவர் அளவு. ஒருவரே என்றாலும் அதை வாங்குவதே மேல், குறுக்காகப் படுத்தால்தான் முதுகு நிமிரும். பருத்தி உடம்புக்கு இதம், ஆனால் மழையில் நனைந்தபடியே கிடந்தால் இற்றுப்போகும்.

வீட்டில் கட்டும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இறுக்கிக் கட்டினால் உறுதி என்ற நினைப்பு! படுத்தபின் கயிறு கிடைமட்டத்துக்கு 30 டிகிரியில் இருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு கொக்கியிலும் இழுவை 70 கிலோ. அதையே 10 டிகிரிக்கு இறுக்கினால் 200 கிலோ. சுவர் கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். நன்றாகத் தொய்யவிட்டு, உட்காரும் இடம் தரையிலிருந்து 45 செ.மீ. இருக்கும்படி கட்டினால் போதும்.

மண்பாண்டத்துக்குப் பக்கத்து ஊர் சான் ஹுவான் தெ ஓரியெந்தே. விரலால் சுண்டிப் பாருங்கள்: கணீரென்றால் சரி, மந்தமான ஓசை வந்தால் எங்கோ விரிசல். குறைந்த சூட்டில் சுட்டவை என்பதால் நீர் கசியும்; அலங்காரத்துக்கு வையுங்கள், பூச்சாடியாக்க வேண்டாம்.

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் 30, சான் ஹெரோனிமோ திருவிழாவை ஒட்டி வையுங்கள். கொண்டாட்டம் நவம்பர் தாண்டியும் ஓடும். ஆண்களே பெண் வேடமும் கட்டி ஜோடியாக ஆடும் 'பைலே தெ நெக்ராஸ்' இந்தப் பருவத்தில்தான். முகமூடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கம்பி வலையை முக வடிவில் அமுக்கி, ரோஜா நிறக் கன்னமும் மெல்லிய மீசையும் தீட்டியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வெள்ளைக்கார முகம். ஆடுகிறவருக்கோ வலைக்கண் வழியே பார்வையும் காற்றும். வாங்குவதானால் விளிம்பில் துணி சுற்றித் தைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், வெறும் கம்பி கன்னத்தைக் கீறும்.

அக்டோபரின் கடைசி வெள்ளி இரவு பேய் வேடங்கள் தீப்பந்தத்தோடு இறங்கும் 'அக்விசோதெஸ்' ஊர்வலம். அன்று மானாகுவா திரும்பும் திட்டம் வேண்டாம், மசாயாவிலேயே முன்கூட்டி அறை எடுத்துவிடுங்கள்.