ஞானஸ்நானமும் இரட்சிப்பும்: இந்தக் கேள்விக்கு நான் இரண்டாவது தடவை படித்த விதம்

இறையியல் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் அவசியமா? ஆராய்க’ என்ற கேள்விக்கு முதல் தடவை நான் எழுதியது, சின்ன வயதிலிருந்து எங்கள் சபையில் கேட்டதைத்தான், வசனங்களை அடுக்கி மூன்று பக்கம். தாள் திரும்பி வந்தபோது ‘அவசியம்’ என்று எழுதிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் வட்டம், ஓரத்தில் ‘எந்த அர்த்தத்தில்?’ என்று ஒரு வரி. மதிப்பெண் பாதிக்கும் கீழே.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி படித்தேன். இயேசுவின் கட்டளை, அதனால் கீழ்ப்படிய வேண்டும் என்பது ஓர் அவசியம். அது இல்லாவிட்டால் இரட்சிப்பே இல்லை என்பது வேறு அவசியம். முதலாவதை மறுப்பவர்கள் குறைவு. குவேக்கர்கள், இரட்சணிய சேனை போன்ற சில கிறிஸ்தவப் பிரிவினர்தான் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. கருத்து வேறுபாடு முழுக்க இரண்டாவதில் இருக்கிறது.

இங்கே கத்தோலிக்கர் ஒரு பக்கம், புரொட்டஸ்டண்டுகள் எல்லாரும் மறுபக்கம் என்று பிரித்து எழுதிவிடாதீர்கள், நான் செய்த தப்பு அதுதான். 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் அவசியம் என்றது, சரி. ஆனால் அதற்கு முன்பே 1530-இல் லூத்தரன்களின் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் அவசியம் என்றே சொல்லிவிட்டது. பிரஸ்பிட்டேரியன்கள் பின்பற்றும் 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, ஞானஸ்நானத்தை அசட்டை செய்வது பெரிய பாவம், ஆனாலும் அது இல்லாமல் ஒருவர் இரட்சிக்கப்படவே முடியாது என்றில்லை என்கிறது. பாப்டிஸ்டுகளுக்கு அது விசுவாசித்தவர் கொடுக்கும் சாட்சி, கீழ்ப்படிதல்.

வசனங்களைக் குவிக்காமல், ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை வைத்துப் படியுங்கள். அப்போஸ்தலர் 2:38-இல் ‘பாவமன்னிப்புக்கென்று’ ஞானஸ்நானம் பெறச் சொல்கிறார் பேதுரு. அங்கே வரும் ‘எய்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மன்னிப்புக் கிடைத்ததன் பேரில்’ என்று எங்கள் சபையில் விளக்கம் சொல்வார்கள். அப்புறம் மத்தேயு 26:28-ஐ எடுத்துப் பார்த்தேன். இயேசு தம் இரத்தம் ‘பாவமன்னிப்புண்டாகும்படி’ சிந்தப்படுகிறது என்கிற இடத்திலும் கிரேக்கத்தில் அதே சொற்றொடர்தான். அங்கே ‘ஏற்கெனவே மன்னிப்புக் கிடைத்ததால் சிந்தப்படுகிறது’ என்று யாரும் படிப்பதில்லையே! அந்த விளக்கம் எனக்கு அன்றோடு போயிற்று, அதை விடைத்தாளிலும் எழுதினேன். ஆனால் அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தில் கொர்நேலியு வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவியானவர் இறங்குகிறார், தண்ணீர் அதற்குப் பிறகுதான். இரண்டையும் எழுதினவர் லூக்காவே. அந்த இழுபறியை மறைக்காமல் காட்டினால் விடைக்கு உயிர் வரும்.

விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்கிற மாற்கு 16:16-ஐ மட்டும் நம்பி வாதத்தைக் கட்டாதீர்கள். 16:9-20 பகுதி சினாய், வத்திக்கான் என்ற நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஞானஸ்நானம் இல்லாமலே இயேசுவிடம் பரதீசு வாக்குப் பெற்ற, சிலுவையில் இருந்த கள்ளனைச் சொன்னால், அவன் மரித்தது ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19-இன் கட்டளைக்கு முன்பு என்ற மறுமொழியையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு சம்பவத்தை மட்டும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். இரண்டாம் வாலன்டினியன் என்ற இளம் ரோமப் பேரரசன், தனக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஆயர் அம்புரோசை வரச் சொல்லியிருந்தான். அவர் வந்து சேருமுன் 392-இல் இறந்துபோனான். சகோதரிகளுக்கு அவன் அதைப் பெறாமல் போய்விட்டானே என்ற துக்கம். அடக்க உரையில் அம்புரோஸ், அவன் விரும்பிக் கேட்டான், கேட்டதால் பெற்றுக்கொண்டான் என்று அவர்களைத் தேற்றினார். கத்தோலிக்க மறைக்கல்வி இன்று ‘ஆவல் திருமுழுக்கு’ (திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற விரும்பியும் பெறுமுன் இறந்தவரின் ஆவலே அதற்கு ஈடாவது) பற்றிச் சொல்வதும், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் தாம் அருளடையாளங்களுக்கு (திருமுழுக்கு போன்ற திருச்சடங்குகளுக்கு) கட்டுப்பட்டவர் அல்ல என்பதும் இதை வைத்துப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டன. அது வரைக்கும் அதை வெறும் சமாளிப்பு என்றே நினைத்திருந்தேன், தவறு.

இன்னொன்று: கத்தோலிக்க நிலைப்பாட்டை எழுதும்போது ‘திருமுழுக்கு’, ‘மீட்பு’ என்று அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள், மற்றவர்கள் பகுதியில் ‘ஞானஸ்நானம்’, ‘இரட்சிப்பு’.