ஸ்டாம்ஃபோர்டின் மீன் தேவாலயம்

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால், கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு வந்துவிடும். அங்கே பெட்ஃபோர்டு தெருவிலுள்ள ‘முதல் பிரஸ்பிட்டேரியன் ஆலயம்’ என்னும் புராட்டஸ்டன்ட் தேவாலயத்தை ஊரார் ‘மீன் தேவாலயம்’ என்கிறார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் அடையாளமாகக் கொண்ட மீனின் வடிவம் அதன் பக்கவாட்டுத் தோற்றத்தில் தெரிகிறது. ஐ.நா. தலைமையகத்தை வடிவமைத்த குழுவின் தலைவரான வாலஸ் ஹாரிசன் வரைந்த இவ்வாலயம் 1958இல் நிறைவுற்றது. சாம்பல் நிறச் சரிவுகளாகவே நிற்கும் அதன் புறத்தோற்றம் என் மனத்தில் பக்தி எதையும் எழுப்பவில்லை.

உள்ளே நுழைந்ததும் அந்த எண்ணம் அகன்றது. சுமார் 60 அடி உயரமுள்ள அம்மண்டபத்தில் ஒரு தூண்கூட இல்லை. முன்கூட்டியே வார்க்கப்பட்ட 152 கான்கிரீட் பலகைகள் ஒன்றன்மீது ஒன்று சாய்ந்து, தம் பாரத்தைத் தாமே சுமக்கின்றன. இரு பக்கச் சுவர்களிலும், பிரான்ஸின் ஷார்த்ர நகரில் கண்ணாடிக் கலைஞர் கேப்ரியல் லுவார் உருவாக்கிய 20,000க்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் பதிந்திருக்கின்றன. அருகில் சென்று பார்த்தேன்: ஓர் அங்குலத் தடிமனுள்ள ஒவ்வொரு துண்டின் விளிம்பும் சுத்தியலால் கொத்திவிடப்பட்டிருப்பதால், ஒளி நேராக ஊடுருவாமல் சிதறி, நீலமும் சிவப்பும் பச்சையுமாக இருக்கைகள்மேல் விழுகிறது. சகலவித இரத்தினங்களாலும் அலங்கரிக்கப்பட்ட புதிய எருசலேமின் அஸ்திபாரங்களைப் பற்றி வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் எத்தனையோ முறை வாசித்திருந்தும், அவ்வசனத்தின் நிறங்களை நான் அன்றுதான் கண்டேன்.

பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்த பிரஸ்பிட்டேரியர்கள் ஆராதனை இடத்தில் உருவங்களை விரும்பாதவர்கள். அவர்களுடைய ஆலயத்தில் இத்தனை வண்ணம் எப்படி இடம்பெற்றது என்ற என் வியப்புக்கு, அந்தச் சுவர்களிலேயே விடை இருந்தது. ஒரு பக்கம் சிலுவைப்பாடும் எதிர்ப்பக்கம் உயிர்த்தெழுதலும் சித்திரிக்கப்பட்டிருந்தாலும், பார்த்தவுடன் அவை பிடிபடுவதில்லை. வெறும் வண்ணச் சிதறலாகத் தெரிவதில் வெகுநேரம் பார்வையைப் பதித்திருந்தால்தான் தொங்கிய தலையும் விரிந்த கரங்களும் மெல்லப் புலப்படுகின்றன. வழிபடுவதற்கான உருவமாக அல்லாமல் தியானத்துக்கான துணையாக அவற்றை அமைத்த இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. முன்புறம் 32 அடி உயரச் சிலுவை ஒன்று மட்டுமே எளிமையாக நிற்கிறது.

வெளியே, 1968இல் எழுப்பப்பட்ட 260 அடி மணிக்கோபுரத்தில் 56 மணிகள் உள்ளன. அவற்றுள் பழையவற்றை அன்பளிப்பாகத் தந்தது நெஸ்லே என்னும் சாக்லேட் நிறுவனம் என்பது சுவையான செய்தி. 2021இல் இவ்வாலயம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. செல்ல விரும்புவோர் மேகமற்ற நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது. கதிரவன் இல்லாவிட்டால் அந்தச் சுவர்கள் பாதிதான் பேசும்.