ஹைட்ராவுக்கு ஒரு நாள்

ஏதென்ஸ் பயணத்தில் ஒரு நாளை ஹைட்ரா தீவுக்கு ஒதுக்கியாச்சு. கார், பைக் எதற்கும் அங்கே அனுமதி இல்லை. குப்பை லாரி, தீயணைப்பு வண்டி மாதிரி சிலது மட்டும் விதிவிலக்கு, மற்றபடி கப்பலில் வந்திறங்கும் சிமெண்ட் மூட்டை முதல் பயணிகளின் பெட்டி வரை கோவேறு கழுதை முதுகில்தான் படியேறுகிறது.

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அதிவேகக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கோடை வார இறுதி என்றால் ஏதென்ஸ்காரர்களே மொய்ப்பார்கள், அதனால் திரும்பும் டிக்கெட்டும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. காற்று பலமாக வீசினால் கப்பலையே நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் இதை வைக்கவே இல்லை.

அங்கே போனதும் கடலோரமாகக் கமினி என்ற சிறு துறைமுகம் வழியே விலிஹோஸ் கிராமம் வரை நடை. நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பாடகர் லியோனார்ட் கோஹன் 1960-ல் வாங்கிய வீடு ஊருக்குள்தான் இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கலாம். கழுதைச் சவாரி மட்டும் வேண்டாம், அந்த வெயிலில் அதுகளுக்கு நம்ம பாரம் வேறயா! வீட்டுக்காரருக்கு முட்டிவலி, சரி, திரும்பும்போது படகு டாக்ஸி. பேரம் பேசிப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.