தறிக்கு நிற்கத் தெரியும்

ஆகஸ்ட் 3

ஆடி 18. தோட்டத்து வேம்பில் தூரி கட்டி அக்கா மகளை ஆட்டிவிட்டேன். ஒரு கையால் தள்ளினேன், மறு கையில் போன். வெயில் முகத்தில் சரியாக விழவில்லை என்று நான்கு தடவை நிறுத்தி மறுபடி ஆடச் சொன்னேன். ஐந்தாவது தடவை இறங்கிவிட்டாள். "போதுங் மாமா, நீங்க போனையேதான் பாக்கறீங்க." ஏழு வயதுப் பிள்ளை.

இரவு பதினொன்றரை வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். 212. போன மாதம் தறிக்குடோனில் எடுத்த வீடியோ ஒன்றை 40 ஆயிரம் பேர் பார்த்தார்கள், அன்று பிடித்தது இந்தப் பித்து. அந்த 40 ஆயிரத்தில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. நோம்பிக்கு வந்த அக்கா வீட்டுக்காரரிடம் பத்து வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 6

இரண்டே ரீல்ஸ் என்று உட்கார்ந்தேன். மூன்றாம் தறியில் பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்ததைக் கவனிக்கவில்லை. ஊடை என்கிற குறுக்கு நூல் அறுந்தாலோ அது சுற்றிய தார் தீர்ந்தாலோ தறி தானாக நின்றுவிடும். பாவு இழை அறுந்தால் எங்கள் பழைய தறி நிற்காது. நெய்துகொண்டே போகும், துணியில் நீளக் கோடு விழும். ஒன்றரை மீட்டர் பழுது. நெய்யச் சொல்லிப் பாவு கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்ல?

ஆகஸ்ட் 9

தங்கச்சி கோவையில் உளவியல் படிக்கிறாள். துணி பழுதானதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தால் புறாக் கதை சொன்னாள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் கூண்டில் புறாவை விட்டு, அலகால் கொத்தினால் தானியம் விழும்படி செய்தாராம். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி மாற்றி வைத்ததும் புறா விடாமல் கொத்த ஆரம்பித்துவிட்டது. "அண்ணா, 212-ம் 40 ஆயிரமும் அந்தத் தானியந்தான். தினமும் 40 ஆயிரம் வந்திருந்தா உனக்குச் சலிச்சுப் போயிருக்கும்."

இன்னொன்றும் சொன்னாள். முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு நாமே அழுத்த வேண்டும். 2006-ல் அசா ரஸ்கின் என்பவர், கீழே போகப் போக முடியாமல் வந்துகொண்டே இருக்கும்படி ஒரு முறையை வடிவமைத்தார். பின்னால் அவரே அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். முடிகிற இடத்தில்தானே மனுசனுக்குப் போதும் என்று தோன்றும்? ஊடை தீர்ந்ததும் நிற்கிற தறிதான் ஞாபகம் வந்தது. இதில் ஊடை தீர்வதே இல்லை.

ஆகஸ்ட் 10

காலையில் ஆப்பை எடுத்துவிட்டேன். சாயங்காலம் திரும்பவும் ஏற்றினேன்.

ஆகஸ்ட் 13

தறி ஓடும் நேரத்தில் போன் அம்மாவிடம் இருக்கட்டும் என்று கொடுத்தேன். "எத்தன நாளைக்குக் கண்ணு?" என்று கேட்டார். பதில் வரவில்லை.

கை சட்டைப்பைக்குப் போகும்போதெல்லாம் குடோன் தூணில் சாக்பீஸால் ஒரு கோடு. இன்று 31. சும்மா இருக்கும்போதுதான் போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஓட்டுச் சந்து வழியாக வெயில் இறங்கி, பறக்கிற பஞ்சுத்தூசி மின்னியது, உடனே கை போனது. அழகாக ஒன்று கண்ணில் பட்டால் யாருக்காவது காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் நான் பார்த்ததே கணக்கில் வராது என்கிற மாதிரி ஆகிவிட்டது. இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றரை மீட்டர் துணி போனது பெரிதில்லை.

ஆகஸ்ட் 16

அக்கா மகள் வந்திருந்தாள். தூரியை இன்னும் அவிழ்க்கவில்லை.

"போன் எங்கீங் மாமா?"

"அம்மிச்சிகிட்ட."

இரண்டு கையாலும் தள்ளினேன். இன்னும் மேலே, இன்னும் மேலே என்று கத்தினாள். ஒரு தடவை அவள் கால் வேப்பங்கொத்தில் பட்டு இலை உதிர்ந்தது, தலைமுடியெல்லாம் இலை.

அவர்கள் கிளம்பிய பிறகு தூணுக்குப் போய் இரண்டு கோடு போட்டேன்.