பாறை வரை தோண்டுதல்

2025 ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே ஆராதனை முடிந்தபின், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு மத்தேயு 7ஆம் அதிகாரத்தின் இரண்டு வீடுகளைப் பற்றிச் சொன்னேன். பாறைமேல் கட்டிய வீடு வெள்ளத்தில் நின்றது, மணல்மேல் கட்டிய வீடு விழுந்தது என்று இயேசு சொன்ன உவமை அது. கொழும்புக்கு அருகே கொலன்னாவையிலிருந்து வரும் பையன் கையை உயர்த்தினான். “டீச்சர், 2016இல எங்கட வீட்டுக்குள்ள தண்ணி வந்ததாம். அப்ப அப்பா மணலிலயா கட்டினவர்?” அந்த மே மாதம் களனி கங்கை பெருகியபோது, செபிக்கிற வீடு, செபிக்காத வீடு என்று வெள்ளம் பார்க்கவில்லை. உவமையிலும் மழையும் பெருவெள்ளமும் காற்றும் இரண்டு வீடுகளின்மீதும் ஒரேவிதமாகவே மோதின என்று விளக்கினேன். தலையாட்டினான், ஆனால் அவன் முகம் தெளியவில்லை.

ஜூன் 11, புதன்

அந்தக் கேள்வியோடு லூக்கா 6ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். மத்தேயு மணலையும் பாறையையும் எதிரெதிரே வைக்க, லூக்காவோ ஆழமாகத் தோண்டி அத்திவாரம் போட்டவனையும், அத்திவாரமே இல்லாமல் மண்ணின்மேல் கட்டியவனையும் காட்டுகிறார். பாலஸ்தீனத்தில் கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைகள் மாரிகாலத்தில் சில மணி நேரத்தில் பெருக்கெடுக்கக்கூடியவை. ஆகவே வெயிற்காலத்தில் வந்து பார்ப்பவனுக்கு, அந்த ஓடையோரச் சமதரை, வீடு கட்ட வசதியான இடமாகவே தெரிந்திருக்கும். பாறை தட்டுப்படும்வரை தோண்டுகிறவனின் உழைப்பு மண்ணுக்குள் மறைந்துபோகிறது. அடுத்தவன் கூரை போட்டுக் குடியேறிவிட்ட நாளிலும் இவன் குழிக்குள்தான் நிற்பான். எங்கள் கொழும்பு நகரத்தின் வுல்பெண்டால் தேவாலயத்துக்கு 1749இல் அத்திவாரமிட்ட ஒல்லாந்தர், 1757இல்தான் அதை ஆராதனைக்குத் திறந்தார்கள்.

இருவருமே வசனத்தைக் கேட்டவர்கள் என்பதை நாம் எளிதில் தாண்டிப் போகிறோம். கேட்டபடி செய்தான், செய்யவில்லை என்பதே அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு. கடவுள் செய்த நன்மைகளை எழுந்து சொல்லும் நம் சாட்சிக் கூட்டங்களில் வீசா கிடைத்ததையும் வேலை கிடைத்ததையும் நிறையக் கேட்கிறோம். பழைய கடனைத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன் என்று ஒருவர் எழுந்து சொன்னால், அதுவல்லவா தோண்டுகிற சத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. (இதைப் போதகரிடம் சொன்னால் சிரிப்பார், ஆனால் மறுக்கமாட்டார்.)

ஜூன் 13, வெள்ளி

பக்கத்து வீட்டு அக்காவுடன் கொழும்பு கொச்சிக்கடையிலுள்ள கத்தோலிக்க ஆலயத்தின் அந்தோனியார் பெருவிழாவுக்குப் போனேன். நான் மெதடிஸ்தப் பெண் என்றாலும் அங்கே எவரும் எவரையும் விசாரிப்பதில்லை; இந்துக்களும் பௌத்தர்களும்கூட மெழுகுதிரியோடு நிற்கிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த ஆலயம், அவ்வருடப் பெருவிழாவுக்கு முந்திய நாளான ஜூன் 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடத்தை இரண்டு மாதத்துக்குள் திருத்தலாம். அன்று தன் பெரியம்மாவை இழந்த அக்காவோ, “ஏன் எண்டு இண்டைக்கும் விளங்கேல்ல. ஆனா செபத்தை விடேல்ல” என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பையன் விடவில்லை. “அப்ப என்னத்தைச் செய்யோணும் டீச்சர்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி, “விசுவாசத்தில் நிலைத்திரு” என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பொதுவாகச் சொல்லி அனுப்புவது பதிலாகாது. “இந்த வார்த்தைகளைக் கேட்டு” என்று ஆண்டவர் சொல்வது மலைப்பிரசங்கத்தின் மூன்று அதிகாரங்களையும் (மத்தேயு 5 முதல் 7 வரை) குறிக்கிறது: பகைவரைச் சிநேகிப்பது, பிறர் காணத் தர்மம் செய்யாதிருப்பது, நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருப்பது எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அத்திவாரம் கிறிஸ்துவே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது உண்மைதான்; அந்தக் கிறிஸ்து சொன்னதைச் செய்யாமல் அவர்மேல் கட்டுவதாகச் சொல்லிக்கொள்வது எப்படி?

ஆகவே அடுத்த வாரம் 5ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறோம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் பகுதியைத் தெரிவு செய்திருக்கிறேன். வகுப்பில் இரண்டு பேர் ஈஸ்டரிலிருந்து பேசிக்கொள்வதில்லை. இருவரும் அன்று வகுப்பு வாங்கில் இருப்பார்கள்.