கிரீம்தானே அக்கா

"முகத்துக்கு மருந்து ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டேன். கேட்டேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "அதெல்லாம் ஒன்னும் இல்லக்கா" என்றாள் பார்லருக்கு வந்த அந்தப் பெண். அதற்குள் என் கைச்சூட்டில், முடி எடுக்கும் சர்க்கரைப் பாகு இளகத் தொடங்கியிருந்தது. மேலுதட்டில் முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்து, வளரும் திசையிலேயே வெடுக்கென்று எடுத்தேன். மூன்றாவது முறை முடியோடு தோலும் வந்துவிட்டது.

பொட்டளவு இடம்தான். சிவந்து பளபளத்து, ஈரம் கசிந்தது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்துக்கொண்டே, "ராத்திரி படுக்கும்போது என்ன போடுவீங்க?" என்று வேறு மாதிரி கேட்டேன்.

"பருவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கிரீம். அது கிரீம்தானே அக்கா?"

அடாபலீன். இரண்டு மாதமாகத் தினமும் போட்டிருக்கிறாள். அது ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ சார்ந்த மருந்து வகை. அந்த வகை கிரீம் போடுகிறவர்களுக்குத் தோலின் மேலடுக்கு மெலிந்து, பிடிப்பில்லாமல் இருக்கும். இழுத்தால் கையோடு வரும். இதைப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள், அதை நிறுத்தி 6 மாதமாவது வேக்சிங் செய்யக்கூடாது என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் 'மருந்து' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டேன். அவளுக்கு மருந்து என்றால் காய்ச்சலுக்கு விழுங்குவது. அவள் பொய் சொல்லவில்லை.

ஆனால் என்னை அரிப்பது அந்தக் கேள்விகூட இல்லை. அதற்கு முன் நடந்த பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "வேக்சிங்னா பயம்க்கா. இது இயற்கைதானே, ஒன்னும் ஆகாதுல்ல?" என்றாள். "ஒன்னும் ஆகாதும்மா. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணி, அவ்வளவுதான். உயிருள்ள தோல்ல ஒட்டவே ஒட்டாது" என்றேன். அப்புறம்தான் மருந்தைப் பற்றிக் கேட்டேன். ஒன்றும் ஆகாது என்று நானே சொன்ன பிறகு, அவள் எதற்காகத் தன் கிரீமை யோசித்துப் பார்த்துச் சொல்லப்போகிறாள்? வரிசை மாறியிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பிசின் கலந்த வேக்ஸைவிடப் பாகு தோலில் குறைவாகத்தான் ஒட்டும். வெதுவெதுப்பாக வைப்பதால் சூடு பட்டுவிடும் பயம் குறைவு, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். குறைவாக ஒட்டும் என்பதை ஒட்டவே ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். பாகை நானேதான் காய்ச்சுகிறேன். 118 டிகிரி தாண்டினால் இறுகும், எலுமிச்சை குறைந்தால் சர்க்கரை பூத்துவிடும். பாகிடம் இருந்த அந்தக் கவனத்தில் பாதிகூட அன்றைக்கு அவள் தோலிடம் எனக்கு இல்லை.

கூட வேலை செய்கிறவள், "நீ கேட்டே, அவ சொல்லல. விடு" என்கிறாள். சில நாள் எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஒரே இடத்தில் மூன்று முறை வைத்தது யார்? இரண்டு மயிரிழை மீதியிருந்தது. ட்வீசரில் எடுத்திருக்கலாம். கிரீமே போடாத தோலாக இருந்தாலும் மேலுதடு அதைத் தாங்கியிருக்குமா, தெரியவில்லை. இழுப்பைத் தோலை ஒட்டிக் கொண்டுபோனேனா, மேலே தூக்கினேனா? நினைவில் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் கை ஒவ்வொரு விதமாகப் போகிறது.

இப்போது கிரீம், சீரம், மாத்திரை என்று தனித்தனியாகக் கேட்கிறேன். 'இயற்கை' என்ற சொல்லை விட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். போன வாரம், முன்பு எங்கேயோ சூடு வேக்ஸில் கை வெந்த ஒரு பெண் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தாள். "பயப்படாதீங்க, இது இயற்கையானதுதான்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் தோள் தளர்ந்தது. அதைத் தவறென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சொன்ன பெண் மறுபடியும் வந்தாள், புருவத்துக்கு மட்டும். மேலுதட்டில் லேசான பழுப்பு நிழல் இருந்தது. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தபோது அது என் கண்ணுக்கு நேராகவே இருந்தது. அவளும் எதுவும் சொல்லவில்லை.