பெயரை விடுங்கள், கப்பலைப் பிடியுங்கள்

1787 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சுமார் 1,60,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் வீட்டில் கன்னமிட்டுத் திருடிப் பிடிபட்ட ஒருவரைப் பழைய ஆவணங்களில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தடம் மாறுவதும் அங்கேதான். ஜான் ஸ்மித்துகளுக்குக் கணக்கில்லை. பொய்ப் பெயரிலேயே தண்டனை வாங்கியவர்களும் உண்டு. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதால் ஒரே ஆளின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறும், வயதும் அப்படியே. விசாரணை நடந்த ஊர், தேதி, ஏறிய கப்பல் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் அவர் நீங்கள் தேடும் ஆள். காலனி அதிகாரிகளே பெயருக்குப் பக்கத்தில் கப்பலின் பெயரை எழுதித்தான் ஆளைப் பிரித்தறிந்தார்கள். ஒரே கப்பல் பலமுறை கைதிகளை ஏற்றிப் போயிருக்கும் என்பதால் வந்து சேர்ந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லண்டன் வழக்கு என்றால் ஓல்டு பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள், 1674 முதல் 1913 வரை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தீர்ப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். இரவில் வீடு உடைத்துப் புகுவது அன்று மரணதண்டனைக் குற்றம். பகலில் உடைத்தால் அது வேறு குற்றம். ஜூரி பல சமயம் இரக்கப்பட்டு, புகுந்த குற்றத்தை நீக்கிவிட்டுத் திருட்டுக்கு மட்டும் தண்டிக்கும். அதனால் குற்றச்சாட்டு ஒன்றாகவும் பதிவேட்டில் உள்ள குற்றம் வேறாகவும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 1823க்குப் பிறகு ‘மரணம் பதிவு செய்யப்பட்டது’ என்று இருந்தால் தூக்கிலிட்டதாக எண்ணிவிடாதீர்கள். அந்த ஆண்டுச் சட்டம், நீதிபதி மரணதண்டனையை வாயால் அறிவிக்காமல் ஏட்டில் மட்டும் எழுத இடம் கொடுத்தது. அப்படி எழுதினாலே உயிர் தப்பியது என்றுதான் பொருள். எத்தனையோ குடும்ப வரலாறுகள் இந்த ஒரு வரியோடு தவறாக முடித்துவைக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்தது கப்பல். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தின் எச்.ஓ. (உள்துறை அலுவலகம்) 11 வரிசைதான் நாடுகடத்தல் பதிவேடு. கப்பல்வாரியாகப் பெயர், விசாரணை இடம், தேதி, தண்டனைக் காலம் (7, 14 ஆண்டுகள் அல்லது ஆயுள்) இருக்கும். அதில் ஆள் இல்லையென்றால் அவர் கப்பலேறாமலே இருந்திருக்கலாம். தண்டனை பெற்ற பலர் நங்கூரமிட்ட சிறைக்கப்பல்களிலேயே காலத்தைக் கழித்து விடுதலையானார்கள். அப்போது எச்.ஓ. 9இல் சிறைக்கப்பல் பதிவேட்டையும், எச்.ஓ. 17, 18இல் கருணை மனுக்களையும் பாருங்கள். மனுக்களில் மனைவி, முதலாளி, அண்டை வீட்டார் பேசுகிறார்கள்; வேறெங்கும் கிடைக்காத குடும்ப விவரம் அங்கே இருக்கும்.

உங்கள் ஆள் டாஸ்மேனியாவுக்குப் போயிருந்தால் அதிர்ஷ்டம். அங்கே ஒவ்வொரு கைதிக்கும் ஒரு காவல் எண். அதன் கீழ் நடத்தைப் பதிவேடு, அங்க அடையாளம். உயரம் கால் அங்குலம் வரை அளக்கப்பட்டிருக்கும், பச்சை குத்திய எழுத்துகள்கூட இருக்கும். குடித்தது, வேலைக்கு வராதது, அதற்குக் கிடைத்த தண்டனை எல்லாம் தேதியோடு, சொற்களைச் சுருக்கி நெருக்கமாக எழுதியிருப்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் இப்படி ஒரே ஏடு கிடையாது. தண்டனைகள் உள்ளூர் நீதிமன்றப் புத்தகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே விடுப்புச் சீட்டே, அதாவது தண்டனை முடியும் முன்பே வெளியே சொந்தமாக வேலை செய்ய விடும் அனுமதிச் சீட்டே, முக்கியத் தடயம். ஒழுங்காக நடந்தால் 7 ஆண்டுக்காரருக்கு 4 ஆண்டிலும், 14க்கு 6இலும், ஆயுளுக்கு 8இலும் கிடைப்பது வழக்கம். தாமதமாகியிருந்தால் இடையில் தண்டனை உண்டா என்று தேடுங்கள். ஆயுள் கைதிக்கு விடுதலைச் சான்றிதழே கிடையாது, மன்னிப்புதான். அதை வேறு வரிசையில் பார்க்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு பெயரோடு ஒட்டியிருந்த கப்பல் உதிர்ந்துவிடும். கஷ்டமான பகுதி இதுதான். 1850களில் தங்க வேட்டை தொடங்கியதும் டாஸ்மேனியாவிலிருந்து விக்டோரியாவுக்குக் கடந்தவர்கள் ஏராளம். எனவே தீவில் இறப்புப் பதிவு இல்லையென்றால் விக்டோரியாவில் தேடுங்கள். அங்கே பதிவு 1853இல் தொடங்கியது. இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரும், எந்தெந்தக் காலனியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதும் கேட்டு எழுதியிருப்பார்கள். தகவல் சொன்னவர் மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்று முதலில் பாருங்கள். பிறகு காலனிகளில் இருந்த ஆண்டுகளைக் கூட்டி, இறந்த ஆண்டிலிருந்து கழித்து, கப்பல் வந்த ஆண்டோடு ஒப்பிடுங்கள். ஓரிரு ஆண்டு வித்தியாசம் சகஜம். பத்து ஆண்டு என்றால் அவர் வேறு ஆள்.